முதல் சவரக்கத்தி: நான்கில் எதை எடுப்பது?

மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்யப் பழக நினைப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: பிளேடு மாட்டும் சலூன் கத்தி, இணையத்தில் மலிவாக விற்கும் பெயர் தெரியாத கத்தி, பழைய கத்தி, கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் புதிய கத்தி. விலையை மட்டும் பார்த்தால் முதல் இரண்டில்தான் கை போகும். அங்கேதான் பலருக்கு ஆசை விட்டுப்போகிறது.

சலூன் கத்தியில் சாதாரண பிளேடைக் காகிதத்தோடு பாதியாக ஒடித்து மாட்டுவார்கள். ஆளுக்கொரு புது பிளேடு போட்டால் தொற்றுப் பயமில்லை. கடைக்கு அதுதான் சரி. வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கத்திக்கு அந்தத் தேவை இல்லை. தீட்ட வேண்டாம், சவரத்துக்கு முன் விளிம்பை இழுத்துச் சீராக்கும் தோல் வார் வேண்டாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் பழக எளிது என்று சொல்வதை நம்ப வேண்டாம். கத்தி எடை குறைவு என்பதால் கை தானாக அழுத்தும். பிளேடு இடுக்கில் இறுகியிருப்பதால் தோலுக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது. ஒடித்த பிளேடின் மூலைகள் ஊசிபோல நிற்கும். தாடை வளைவிலும் காதோரத்திலும் முதல் வெட்டு அங்கிருந்துதான் விழும். இந்த வழியில்தான் போக வேண்டுமென்றால் ஜப்பானின் ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் வகை மேல். அதற்கென்றே வரும் நீள பிளேடுகளில் காப்பு உள்ள புரோகார்டு வகையும் கிடைக்கிறது.

பெயர் தெரியாத மலிவுக் கத்தியை ஒதுக்கிவிடுங்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், காகிதத்தையும் வெட்டும். எஃகு மென்மையாக இருந்தால் கூர் நிற்காது. முதுகின் தடிமன் அலகின் அகலத்துக்குப் பொருந்தாவிட்டால் கல்லில் சரியான கோணமே அமையாது. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படுவதை வைத்துத்தான் மடக்குக் கத்தியைத் தீட்டுகிறோம். அலகு முறுக்கியிருந்தால் எந்தக் கல்லும் உதவாது.

பழைய சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகள் காசுக்கு மிக நல்ல சரக்கு, பார்த்து வாங்கத் தெரிந்தால். சமமான கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள், ஆடினால் முறுக்கல். விளிம்பின் நடுப்பகுதி உள்வாங்கி வளைந்திருந்தாலோ, விளிம்பையொட்டித் துருக்குழி இருந்தாலோ விட்டுவிடுங்கள். அலகின் உடலில் உள்ள கறை பரவாயில்லை. செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் பிடியை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள்: அது சிதையும்போது வரும் வாயு அலகை அரிக்கும். கத்தி மடங்கி உள்ளே இருக்கும் பகுதியில் மட்டும் கடுந்துரு தெரிந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். துடைத்து வைத்தாலும் திரும்ப வரும்.

புதிய கத்தியில் சோலிங்கனின் டோவோ, போக்கர், பிரான்ஸின் தியே நகரத்து தியே-இசார் ஆகியவை நம்பி வாங்கக் கூடியவை. அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 16 முதல் 19 மி.மீ. அதைவிட அகலமானது மூக்கடியில் இடிக்கும். முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை கை பழகிய பிறகு. இருபுறமும் நன்கு குடைந்த மெல்லிய அலகு மயிர் அறுபடும் சத்தத்தையே காட்டிக்கொடுக்கும். பழகுபவருக்கு அந்தச் சத்தம்தான் கோணம் சரியா என்று சொல்லும். கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டுப்படும், சென்னை போன்ற கடலோர ஊர்களில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். ஈரத்தோடு மடிக்காமல், துடைத்து ஒரு துளி மினரல் எண்ணெய் தடவினால் போதும்.

ஆகவே முதல் கத்தியாக நாங்கள் சொல்வது: 5/8, உருண்டை முனை, கார்பன் எஃகு. புதியதோ, நன்கு சீர்செய்த பழையதோ, எதுவானாலும் பரவாயில்லை. அதைவிட முக்கியம், சவரத்துக்குத் தயாராகக் கல்லில் தீட்டிக் கொடுப்பவரிடம் வாங்குவது. தொழிற்சாலைக் கூர் சில நேரம் போதாது. கத்தி உங்கள் தோலுக்கு ஒவ்வவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். உண்மையில் அது தீட்டப்படாமலே இருந்திருக்கும். விளக்கடியில் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது; மினுங்கும் புள்ளி தெரிந்தால் அங்கே மழுங்கல்.

வாருக்கும் காசு ஒதுக்குங்கள். 3 அங்குல அகலம் வசதி. முதல் வார் மலிவாக இருக்கட்டும், எப்படியும் அதில் வெட்டு விழும். வாரின் துணிப் பட்டையில் 20, தோல் பட்டையில் 40 முறை, முதுகு முன்னே செல்ல, அழுத்தாமல். திருப்பும்போது முதுகு வாரை விட்டு எழக் கூடாது. எழுந்தால் விளிம்பு மடங்கிவிடும்.

முதல் சில வாரம் கன்னம் மட்டும், மயிர் வளரும் திசையில் மட்டும். மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் நீங்கள் இதுவரை பயன்படுத்திய ரேசர். தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமனைப் போல இருமடங்கு இடைவெளி விடுங்கள். கோணம் ஏறக்குறைய 30 டிகிரியில் நிற்கும். கத்தி இழுத்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள். நுரை காய்ந்ததா, கோணம் கூடியதா, வாரில் கை தவறியதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் கத்தி கல்லுக்குப் போக வேண்டிய நேரம்.