தெர்மாகோல் பந்தா, காகிதச் சுருளா, பம்ளிமாஸா?

சூரியக் குடும்பம் பாடம் தொடங்கியதும் பெற்றோருக்கு வேலை வந்துவிடும். தெர்மாகோல் பந்து, போஸ்டர் கலர், கம்பி என்று கடைக்கு ஓடுவார்கள். அப்பாவோ அம்மாவோ இரவு கண்விழித்துச் செய்த எட்டுக் கோள்களும் மறுநாள் வகுப்பறை அலமாரியில் ஏறி உட்காரும். பார்க்க அழகுதான். ஆனால் அது காட்டும் அளவுகள் அத்தனையும் தப்பு. பூமிக்கு 2 செ.மீ. பந்து என்றால், சூரியனுக்கு 2 மீட்டரைத் தாண்டிய பந்து வேண்டும். அது வகுப்பு வாசலில் நுழையாது. இரண்டுக்கும் நடுவே 235 மீட்டர் இடைவெளியும் விட வேண்டும். பிள்ளைகள் கற்றுக்கொள்வது கோள்களின் வரிசையையும் சனியின் வளையத்தையும் மட்டுமே. அதற்குப் பாடநூல் படமே போதும்.

இதைவிடப் பல மடங்கு மேலானது, பில் போடும் காகிதச் சுருளில் கிழித்த 2 மீட்டர் துண்டு. ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் புளூட்டோ. (2006இல் அதைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றாலும் எல்லைக்கல்லாக நிற்கட்டும்.) சரிபாதியாக மடித்தால் யுரேனஸ். யுரேனஸுக்கும் புளூட்டோவுக்கும் பாதியில் நெப்டியூன். சூரியன் பக்கம் பாதியில் சனி, அதில் பாதி வியாழன், அதிலும் பாதி சிறுகோள் பட்டை, இன்னும் பாதி செவ்வாய். மிஞ்சிய ஆறேழு சென்டிமீட்டருக்குள் புதன், வெள்ளி, பூமி மூன்றையும் அடைக்க வேண்டும் என்றதும் வகுப்பில் சிரிப்பு கிளம்பும். மடிப்புக்கணக்கு துல்லியமானதல்ல, சற்று முன்பின் இருக்கும்; ஆனால் பெரிதாக ஏமாற்றாது. ஒரே பாடவேளையில் முடிந்துவிடும், பின்னத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். குறை ஒன்றுதான்: பருமனை இதில் காட்டவே முடியாது. இந்த அளவில் சூரியனே அரை மில்லிமீட்டர் புள்ளி.

மூன்றாவது வழிக்கு மைதானம் வேண்டும். 1 செ.மீ. என்றால் 1 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு நாக்கிலேயே நிற்கும். சூரியன் 14 செ.மீ., நல்ல பம்ளிமாஸ் ஒன்று. அங்கிருந்து 15 மீட்டர் நடந்தால் பூமி, ஒரு கடுகு. நிலா அதிலிருந்து 4 செ.மீ., இரண்டு விரற்கடை. மனிதர் நேரில் போய்வந்த தூரம் அவ்வளவுதான். வியாழன் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் சிறியது, 78 மீட்டரில். சனி 143 மீட்டரில். பல பள்ளிகளில் இதற்கே கேட்டைத் தாண்ட வேண்டியிருக்கும். நெப்டியூன் ஒரு மிளகு, 450 மீட்டரில், அநேகமாகப் பஸ் நிறுத்தத்துக்கு அருகில்.

கடுகைக் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், அட்டையில் ஒட்டிக்கொடுங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதும் நல்லது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றால் வியாழனோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதியை வாயால் சொல்லலாம்.

இந்த வழியில் என்னைக் கவர்ந்தது ஒளியின் வேகம்தான். இந்த அளவில் ஒளி விநாடிக்கு 3 செ.மீ. மட்டுமே நகரும். ஒரு மாணவரை ‘ஒளி’யாக்கிப் பம்ளிமாஸிலிருந்து கடுகுவரை அந்த வேகத்தில் ஊரச் சொல்லுங்கள். 8 நிமிடம் 20 விநாடி ஆகும். மற்றவர்கள் பொறுமையிழந்து, ‘சீக்கிரம் போடா!’ என்று கத்துவார்கள். பிரபஞ்சத்தில் இதைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்பதை அப்போது சொல்ல வேண்டும். வகுப்பில் உட்காரவைத்துச் சொன்னபோது குறிப்பெடுத்துக்கொண்டவர்கள், மைதானத்தில் எதிர்க்கேள்வி கேட்டார்கள்.

ஒரு பாடவேளைதான் கிடைக்கும், மைதானமும் இல்லை என்றால் காகிதச் சுருளை எடுங்கள். இரண்டு பாடவேளை கிடைத்தால் முதலில் சுருள், பிறகு மைதானம். வரிசையை மாற்றினால் சுருள் சப்பென்றாகிவிடும். ‘அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது?’ என்று யாராவது கேட்பார்கள், விடையைத் தயாராக வைத்திருங்கள்: மைதானத்து அளவில் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால். காஷ்மீர் முதல் கன்னியாகுமரிவரை நீட்டினாலும் போதாது.