மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிதான் மோட்டார்ஹோம். குடும்பத்தோடு அதில் பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனம் பணத்தில் மட்டும் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர்கள் கொடுத்த வண்டியில் என் பிள்ளைகள் தூக்கத்திலேயே போயிருக்கக்கூடும். உங்கள் வீட்டில் யாராவது விடுமுறைக்கு இப்படி வண்டி பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

விளம்பரத்தில் இருந்த படங்கள் எல்லாம் புத்தம் புது வண்டியின் படங்கள். ஒப்பந்தத்தில் மட்டும் ‘இந்த வண்டி அல்லது இதற்கு இணையான வண்டி’ என்று ஒரு வரி இருந்தது. எங்களுக்கு வந்தது அந்த இணையான வண்டி. பல வருடம் ஓடிக் களைத்தது. ஆறு பேருக்கு என்று போட்டிருந்தார்கள். உண்மையில் ஆறு பேர் படுக்கலாம், ஆனால் சீட் பெல்ட் நான்குதான். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் என்பதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஓடும் வண்டியில் பெல்ட் இல்லாத இருக்கையில் உட்காருவதும் பின்கட்டிலில் படுத்துக்கொண்டு வருவதும் உயிருக்கு ஆபத்து. பதிவு செய்யும்போது எத்தனை படுக்கை என்று கேட்காதீர்கள், எத்தனை பெல்ட் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியை எங்களிடம் ஒப்படைக்க அவர்கள் குறித்த நேரம் மாலையில், அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்பு. இது தற்செயல் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வெளிச்சம் குறைந்துவிடும், ஊழியர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார், நமக்கும் இருட்டுவதற்குள் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும். டிவி ரிமோட் எங்கே, கழிவறையின் கழிவுப் பெட்டியை எப்படி இழுப்பது, வெளிப்பந்தலை எப்படி விரிப்பது என்று வேகவேகமாகக் காட்டினார். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் விஷ வாயுதான் கார்பன் மோனாக்சைடு. அது உள்ளே சேர்ந்தால் சத்தம் போடும் அலாரம் வேலை செய்கிறதா என்று என் கணவர் கேட்டார். ஊழியரே பொத்தானை அழுத்திக் காட்டினார். பீப் என்று சத்தம் வந்தது. சரி என்று கிளம்பினோம்.

அந்தப் பொத்தானைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அழுத்தினால் பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்கின்றன என்று மட்டும்தான் தெரியும். வாயுவை மோப்பம் பிடிக்கும் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சென்சாருக்கு ஆயுள் உண்டு, தயாரிப்பைப் பொறுத்து பெரும்பாலும் 5 முதல் 10 வருடம். எப்போது மாற்ற வேண்டும் என்ற தேதி அலாரத்தின் பின்பக்கமோ ஓரத்திலோ அச்சிட்டிருக்கும். எங்கள் வண்டியில் இருந்ததன் தேதி எப்போதோ முடிந்துபோயிருந்தது. அதன் மீது வேறொரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருந்தார்கள்.

முதல் இரவு நல்ல குளிர். கேஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தோம். நடு இரவில் தலைவலியோடு விழித்தேன். சின்னவள் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள், பெரியவன் எழுப்பினால் எழாமல் முனகினான். காய்ச்சல் வருகிறது போல என்றுதான் தோன்றும். காய்ச்சல் மாதிரியே இருப்பதுதான் இந்த வாயுவின் கொடுமை. நிறம் இல்லை, வாசனை இல்லை. தண்ணீர் எடுக்க வெளியே போன என் கணவர் கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்துவிட்டது என்றார், உள்ளே வந்ததும் மறுபடி கனத்தது என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் கூடுகிறது என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அவசர ஊர்தியை அழைத்தோம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து கார்பன் மோனாக்சைடுதான் என்று உறுதி செய்தார்கள். நால்வருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெறும் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும். அதனால் வெளிக்காற்றில் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இன்னொன்று, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது. இந்த வாயு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே அது கணக்கில் எடுக்கும். 98 காட்டும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மறுநாள், நாங்கள் வண்டியை நிறுத்தியிருந்த முகாமில் இருந்த கேஸ் மெக்கானிக் ஒருவர் வண்டியைத் திறந்து பார்த்தார். ஹீட்டரின் புகைக்குழாய் சோபாவுக்கு அடியில் போகிறது. அதைப் பிடித்திருந்த கிளிப் கழன்று, குழாய் பாதி விலகி நின்றது. வெளியே போக வேண்டிய புகை சோபா பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தது. அதோடு முடியவில்லை. தரையில் இருக்கும் காற்றுத் துவாரத்தின் மேல் டேப் ஒட்டி, அதற்கு மேல் விரிப்பையும் போட்டிருந்தார்கள். குளிர்காற்று வருகிறது என்று முன்பு வாடகைக்கு எடுத்த யாரோ புகார் சொல்லியிருப்பார்கள், இவர்கள் அதற்குச் செய்த பரிகாரம் இது.

அந்தத் துவாரம் தெரியாமல் விட்ட ஓட்டை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. சமையலுக்கும் ஹீட்டருக்கும் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர்போல் தரைக்கு இறங்கித் தேங்கும். அது வடிந்து போகத்தான் தரையில் துவாரம். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். கூரைக்குக் கீழே மாட்டியிருந்தால் அது அலங்காரத்துக்குச் சமம். கார்பன் மோனாக்சைடு அப்படித் தேங்காது, அறைக் காற்றோடு கலந்துவிடும். அதற்குத் தனி அலாரம் வேண்டும், அதன் கையேட்டில் சொன்ன உயரத்தில். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

நிறுவனத்தின் அவசர எண்ணில் இரவு முழுக்க மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை எடுத்தவர் முதலில் கேட்டது, ‘ஜன்னலைத் திறந்து வைக்கவில்லையா?’ பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. துவாரத்தை நாங்களே அடைத்திருக்கலாம் என்றார். மாற்று வண்டி கேட்டதற்கு, ஹீட்டர் வசதிப் பொருள்தான், அது கெட்டால் மாற்று வண்டி தர ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார். ஆத்திரத்தில் கை நடுங்கியது எனக்கு.

இனி யார் வண்டி எடுத்தாலும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேதி முடியாத, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுதான். எந்த வண்டிக்கும் விடுதிக்கும் கூடவே வரும். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது எல்லா விரிப்புகளையும் தூக்கிப் பாருங்கள், துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். அடுப்பை அங்கேயே பற்றவையுங்கள். தீ நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ பாத்திரத்தில் கரி படிந்தாலோ அது சரியாக எரியவில்லை. சிலிண்டர் ரப்பர் குழாயில் தயாரித்த தேதி இருக்கும், அதையும் பாருங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு இருந்தால் குமிழி வரும். குளிருக்காக அடுப்பை எரியவிடாதீர்கள், ஒரு போதும். எரிபொருள் நிரப்பப் போகும் முன் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள், உள்ளே சிறு தீ எரிந்துகொண்டிருக்கும். ஜெனரேட்டர் நம்முடையது இல்லாமல் பக்கத்து வண்டியுடையதாக இருந்தாலும் அதன் புகை நம் ஜன்னலுக்குள் வரலாம். வந்தால் சங்கடப்படாமல் போய்ச் சொல்லுங்கள்.

டயர் விஷயத்தையும் அதே மெக்கானிக்தான் காட்டினார். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துக்குப் பிறகு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் பின் டயர்கள் பத்து வயதைத் தாண்டியவை. டயரின் மேல் பட்டன் தேயாமல் நன்றாகவே இருந்தது. மோட்டார்ஹோம் வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும், அதனால் டயர் தேயாது, ஆனால் ரப்பர் காய்ந்துபோகும். பக்கச் சுவரில் நகத்தை வைத்தால் வெடிப்பு தெரிந்தது. முழு எடையோடு நெடுஞ்சாலையில் போகும்போது பின் டயர் வெடித்தால் இந்த உயரமான வண்டியை யாரால் பிடித்து நிறுத்த முடியும்? டயரை மாற்றாமல் வண்டியை நகர்த்த மாட்டோம் என்று படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினோம். போனில் மசியாதவர்கள் எழுத்தைப் பார்த்ததும் ஆள் அனுப்பினார்கள்.

எடையைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கவில்லை. பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமத்தில் 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். அந்த வரம்புக்குள் செய்யும் வண்டிகளில் ஆட்களும் சாமானும் ஏறினால் மிச்சம் அதிகம் இருக்காது. 100 லிட்டர் தண்ணீர் டேங்கை நிரப்பினாலே 100 கிலோ. சேரும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் பாதி டேங்கோடு போங்கள். ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், கீழ் கியரில் இறங்குங்கள். தாழ்வான பாலத்துக்குள் போகும் முன் தெரிவதற்காக வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

திருட்டைப் பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு தங்க வேண்டாம். முகாமோ, மற்ற குடும்பங்கள் நிற்கும் அனுமதி பெற்ற இடமோ பாருங்கள். வண்டியின் முகம் வெளியேறும் வழியைப் பார்த்து நிற்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் சாமான் வேண்டாம், சாவி எங்கே என்று பெரியவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். உங்கள் டயரில் ஏதோ கோளாறு என்று சைகை காட்டி ஓரங்கட்ட வைப்பவர்களிடம் கவனம், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடம் வரை மெதுவாக ஓட்டிப் போய் அங்கே நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் வழியாக மயக்க வாயு அடித்துத் திருடுகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. பிரிட்டனில் மயக்க மருந்து மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸே அது நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. மோட்டார்ஹோமில் அஞ்ச வேண்டிய வாயு உள்ளேயே, நம் ஹீட்டரிலிருந்து வருகிறது.

கடைசியில் டெபாசிட். திருப்பிக் கொடுத்தபோது ஏணி போட்டு ஏறிய ஊழியர், கூரையில் கீறல் இருக்கிறது என்றார். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்: கூரை, வண்டியின் அடிப்பாகம், டயர், வெளிப்பந்தல் எதற்கும் காப்பீடு கிடையாது. இந்த விலக்குகள் பல ஒப்பந்தங்களில் உண்டு, கையெழுத்துக்கு முன் தேடிப் படியுங்கள். வண்டியை எடுத்த அன்று ஏணி கேட்டதற்கு இல்லை என்று சொன்ன அதே அலுவலகம் இது. அன்று என் கணவர் செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, கூரையைச் சுற்றி வீடியோ எடுத்து, அங்கேயே அவர்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். அதே கீறல், அழுக்கேறிய பழைய கீறலாக அதில் தெளிவாக இருந்தது. காட்டியும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றிய டயரின் விலையையும் சேர்த்து டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் கேட்டோம், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி மூலமே திருப்பிக் கேட்பது. வீடியோ, மின்னஞ்சல்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் கொடுத்தோம். கூரைக்குப் பிடித்த பணம் திரும்பி வந்தது. டயர் பணம் இன்னும் வரவில்லை, அதற்கும் ஹீட்டருக்கும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். ரொக்கமாகவோ நேரடி வங்கி மாற்றலாகவோ டெபாசிட் கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் அன்று கிலோமீட்டர் எண்ணையும் எரிபொருள் முள்ளையும் படம் எடுத்துவிட்டு, வண்டியில் குறை எதுவும் இல்லை என்று அவர்கள் கையெழுத்தோடு வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அபராதம், சுத்தம் செய்த கூலி என்று வாரங்கள் கழித்தும் கார்டில் பணம் எடுப்பார்கள். அதனால் அடுத்த சில மாதங்களுக்கு வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.