ஆக்டிவ் பிக்கப்பும் பாஸிவ் பிக்கப்பும்: வேறுபாடு சத்தத்தில் இல்லை

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் உறுப்பே பிக்கப். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் வாங்கலாமா என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், அதில் சத்தம் அதிகம், மெட்டல் வாசிப்பவர்களுக்கு ஏற்றது என்பதுதான். இந்தப் பதில் கேட்பவரைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது. டிமார்ஸியோ நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் போன்ற, பேட்டரியே தேவைப்படாத பாஸிவ் பிக்கப்புகளும், சிக்னலைப் பெருக்கும் ஆம்பின் முதல் வால்வைத் திணறடிக்கும் அளவுக்கு வலுவான சிக்னலைத் தருகின்றன. மறுபுறம், மெட்டலோடு தொடர்பே இல்லாத, பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் 1980-களின் பிற்பகுதியில் தம் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இஎம்ஜி நிறுவனத்தின் ஆக்டிவ் பிக்கப்புகளைப் பொருத்திக்கொண்டுதான் மேடையேறினார். பிக்கப்பில் பிறந்த சிக்னல் ஆம்பைச் சென்றடையும்வரை வழியில் எவையெல்லாம் அதன் குணத்தை மாற்றுகின்றன என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு.

பாஸிவ் பிக்கப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சேத் லவர் கிப்ஸன் நிறுவனத்துக்காக 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் அதைப் பெற்ற ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப்பில், இரு சுருள்களிலும் தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பி தலா 5000 சுற்றுகள் அளவில் சுற்றப்பட்டிருந்தது. இவ்வகைப் பிக்கப்பின் மின்தூண்டல் எண் ஏறத்தாழ 4 முதல் 5 ஹென்றி வரை இருக்கும். கிட்டார் கேபிளுக்கோ மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு. இவை இரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகிவிடுவதால், 3 மீட்டர் கேபிளில் 3700 ஹெர்ட்ஸ் அருகே இருக்கும் உச்சி (சிக்னல் மிக வலுவாக இருக்கும் அதிர்வெண்), 6 மீட்டர் கேபிளில் 2800 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கேபிளை மாற்றினால் கிட்டாரின் குரலே மாறிவிட்டதாகச் சிலர் சொல்வது கற்பனை அல்ல.

1976-இல் கலிபோர்னியாவில் ராப் டர்னர் தொடங்கிய நிறுவனமே பின்னர் இஎம்ஜி என்று பெயர் பெற்றது. அவருடைய வழி, சுருளில் சுற்றுகளைக் குறைத்து, அதனால் வலுவிழக்கும் சிக்னலைப் பிக்கப்பின் கூட்டுக்குள்ளேயே வைத்து மூடப்பட்ட ஒரு சிறு ப்ரீஆம்பால் உயர்த்தித் தருவது. இஎம்ஜி 81, 85 ஆகியவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது வெளியேறும் சிக்னல் சந்திக்கும் தடை, 10 கிலோ ஓம் மட்டுமே. ஆகவே 6 மீட்டர் கேபிளால் விளையும் இழப்பு, காது கேட்கும் எல்லையாகிய 20 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலேதான் தொடங்குகிறது. குரலின் உச்சி எங்கே அமைய வேண்டும் என்பதைத் தயாரித்தவர் தீர்மானித்துவிட்டார். நீளமான கேபிளும் வரிசையாக அடுக்கிய, ஒலியை மாற்றும் பெடல்களும் அதை அசைக்க முடியாது. எந்த மேடைக்குப் போனாலும் ஒரே குரல் வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

ஆனால் அசையாமை எல்லோருக்கும் வரம் அல்ல. பாஸிவ் கிட்டாரில் வால்யூம் குமிழைக் குறைக்கும்போது ஒலியின் அளவோடு மேல் அதிர்வெண்களும் சேர்ந்து மங்குகின்றன. இதைக் குறையெனக் கருதிச் சிறு மின்தேக்கி ஒன்றைக் குமிழில் இணைத்துச் சரிசெய்துகொள்பவர்கள் உண்டு. அந்த மங்கலையே ஒரு வண்ணமாகப் பயன்படுத்தி, ஒரு பாட்டுக்குள்ளேயே குமிழை மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி வாசிப்பவர்களும் உண்டு. ஒலியைக் கரடுமுரடாக்கும் பழைய ஃபஸ் பெடல்களில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. அவற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு என்பதால், பிக்கப்பின் சுருளும் பெடலின் முதல் டிரான்ஸிஸ்டரும் ஒரே சுற்றின் இரு பாதிகளைப் போல வேலை செய்கின்றன. வால்யூமைச் சற்றே இறக்கினால் போதும், கரடுமுரடான ஒலி கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். ஆக்டிவ் பிக்கப்பை அதே பெடலில் செருகினால் அந்த உறவு அறுந்து, ஒலி கூர்மையாகக் கரகரக்கிறது. குமிழைக் குறைத்தாலும் முன்போல் தெளிவதில்லை. என் பார்வையில் ஆக்டிவ் பிக்கப்பின் மிகப் பெரிய இழப்பு இதுதான். பேட்டரி மாற்றும் தொல்லை இதன் முன் ஒன்றுமே இல்லை.

இரைச்சலில் ஆக்டிவ் பிக்கப் தெளிவாக முந்துகிறது. குறைந்த மின்மறுப்பும் உள்ளேயே அமைந்த மின்காப்பும் சேர்ந்து, கெயினை (ஆம்பின் பெருக்க அளவை) மிக உயர்த்தி வாசிக்கும்போதும் சுரங்களுக்கு இடையே அமைதியைக் காக்கின்றன. பாஸிவ் கிட்டாரில் கம்பிகளைத் தொட்டதும் ரீங்காரம் அடங்குவதற்குக் காரணம், பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் கிட்டாரின் கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருப்பதே. இஎம்ஜி பிக்கப்புகளுக்கு அந்த இணைப்பு தேவையில்லை. துண்டித்துவிடும்படியே அந்நிறுவனம் சொல்கிறது. எர்த் சரியில்லாத இடத்தில் ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது ஷாக் அடிக்கும் அபாயம் இதனால் குறைகிறது. பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் இதை அற்பமாக எண்ணக் கூடாது.

பேட்டரியைப் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. இஎம்ஜி 81 இழுக்கும் மின்னோட்டம் 80 மைக்ரோ ஆம்பியர்தான்; ஒரு 9 வோல்ட் பேட்டரி 3000 மணி நேரம் வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். ஆனால் இவ்வகைக் கிட்டாரின் ஜாக்கே பேட்டரிக்கான சுவிட்சும் ஆகும். கேபிள் செருகியிருக்கும் வரை மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் பல வாரங்கள் கேபிளை எடுக்காமலே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் ஒத்திகையில் ஒலி மெலிந்து, உடைந்து, ஐந்து நிமிடத்தில் அடங்கியபோதுதான் இதன் பொருளை உணர்ந்தேன். ஃபிஷ்மன் நிறுவனத்தின் ஃப்ளூயன்ஸ் பிக்கப்புகளுக்கு மின்சாரத் தேவை இன்னும் அதிகம். சுற்றிய கம்பிக்குப் பதிலாக அச்சிட்ட சுற்றுப்பலகைகளை அடுக்கிச் செய்யப்பட்ட அவற்றில், ஒரே பிக்கப்பில் இரண்டு குரல்கள் கிடைக்கின்றன என்பது அந்தச் செலவுக்கு ஈடு.

இரண்டையும் ஒரே கிட்டாரில் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் குமிழ், பாஸிவ் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் குமிழ் என்பதே வழக்கம். 25 கிலோ ஓம் குமிழில் பாஸிவ் பிக்கப் போர்வைக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். 500 கிலோ ஓம் குமிழில் ஆக்டிவ் பிக்கப்பின் வால்யூம் படிப்படியாகக் குறையாமல், கடைசித் திருப்பத்தில் சட்டென்று விழும்.

பேட்டரிக்கு இடம் செய்ய மரத்தைக் குடைவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். உங்கள் பாஸிவ் கிட்டாரை அரை மீட்டர் கேபிளில் மின்மறுப்பைக் குறைத்துச் சிக்னலைக் கடத்தும் ஒரு பஃபர் பெடலோடு இணைத்து, அதிலிருந்து வழக்கமான நீண்ட கேபிளை ஆம்புக்குக் கொண்டுபோங்கள். ஒத்ததிர்வு உச்சி 6000 ஹெர்ட்ஸ் அருகே ஏறிவிடும். நீங்கள் தேடிய தெளிவு அதிலேயே கிடைத்துவிட்டால், குறை கேபிளில்தான் இருந்தது. பிக்கப்பை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.