லேப்டாப்பை டிவியோடு இணைக்க எந்த கேபிள்? எச்டிஎம்ஐ, டைப்-சி, யுஎஸ்பி, விஜிஏ ஓர் அலசல்

கேபிள் வாங்கக் கிளம்பும் முன் லேப்டாப்பின் இரண்டு பக்கங்களையும் டிவியின் பின்புறத்தையும் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். லேப்டாப் போர்ட், கேபிள், நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் அது, டிவி போர்ட் ஆகியவற்றில் எது திறன் குறைந்ததோ, அந்த அளவுக்குத்தான் படம் வரும். எவ்வளவு விலையுயர்ந்த கேபிளாக இருந்தாலும், பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் சொருகினால் 4கே படம் 30 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 30 முறை மாறும் படத்தோடு, நின்றுவிடும்.

எச்டிஎம்ஐ: இருந்தால் இதுதான்

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். படமும் ஒலியும் ஒரே வயரில் போகும், டிரைவர் தேவையில்லை, நடுவில் சூடாகவோ பழுதாகவோ சிப் எதுவும் கிடையாது. கேபிளின் தரத்தைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். அட்டையில் ‘2.1 கேபிள்’ என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். வெர்ஷன் எண் போர்ட்டுக்கும் கருவிக்கும் உரியது. கேபிளுக்கு உரியவை வேகப் பெயர்கள்: ஹை ஸ்பீட் 10.2 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிகாபிட் தகவல்), பிரீமியம் ஹை ஸ்பீட் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் 48. ஃபுல் எச்டி டிவிக்கு முதல் வகையே தாராளம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு இரண்டாவது வேண்டும். 4கே 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுபவர்கள் மட்டும் மூன்றாவதற்குப் போனால் போதும். அந்த மூன்றாவது வகையில் அசல் என்றால் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய க்யூஆர் குறியீட்டு லேபிள் பெட்டியில் இருக்கும்.

தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். சிக்னல் டிஜிட்டல் என்பதால் ‘நல்ல கேபிளில் நிறம் கூடுதலாகத் தெரியும்’ என்பதெல்லாம் நடக்காத காரியம். கேபிள் தடுமாறினால் அது வேறு மாதிரி தெரியும்: இருட்டுக் காட்சிகளில் மினுக் மினுக்கென்று வெள்ளைப் புள்ளிகள் தோன்றும், ஓரிரு நொடி திரை கறுத்து மீண்டும் படம் வரும், அல்லது ‘நோ சிக்னல்’ என்றே நிற்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம் நீளம். செம்புக் கேபிளில் நீளம் கூடக்கூட சிக்னல் தேயும், வேகம் கூடினால் இன்னும் சீக்கிரம் தேயும். 2 மீட்டர் எந்த வேகத்துக்கும் பாதுகாப்பான அளவு. 4கே 60 ஹெர்ட்ஸை 10 மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒளியிழையில் சிக்னல் போகும் ஆக்டிவ் ஆப்டிகல் வகைக்கு மாறுங்கள். அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை லேப்டாப்புக்கு, ‘டிஸ்ப்ளே’ முனை டிவிக்கு. மாற்றிச் சொருகினால் படமே வராது.

டைப்-சி: ஏமாறுவது இங்கேதான்

மெல்லிய லேப்டாப்களில் டைப்-சி மட்டுமே இருக்கும். துளை ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. சில சார்ஜுக்கும் ஃபைல் நகலுக்கும் மட்டுமே. போர்ட்டுக்கு அருகில் தண்டர்போல்ட் எனும் அதிவேக இணைப்பின் மின்னல் அம்புக்குறியோ, ஆங்கில ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போலப் படம் அனுப்பும் இன்னொரு முறை) சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணைத் தேடி, விவரப் பட்டியலில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் வெறும் வயர் அல்ல. உள்ளே ஒரு சிப் சிக்னலை மாற்றிக் கொடுக்கிறது. முனை லேசாகச் சூடாவதும், கேபிள் ஒரு திசையில் மட்டும் வேலை செய்வதும் அதனால்தான். வாங்கும்போது ‘4கே’ என்பதோடு நிற்காமல் ‘60 ஹெர்ட்ஸ்’ என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். 30 ஹெர்ட்ஸில் சினிமா ஓரளவு ஓடிவிடும். ஆனால் மவுஸை அசைத்தால் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவும், பக்கத்தை உருட்டினால் எழுத்து தள்ளாடும்.

பல போர்ட் ஹப்பில் இந்தக் குறை அதிகம். டைப்-சியில் நான்கு வேகப் பாதைகள் உண்டு. யுஎஸ்பி 3 வேலைக்கு ஹப் இரண்டை எடுத்துக்கொண்டால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 லேப்டாப்பில் அந்த இரண்டும் 4கே 30-க்குத்தான் காணும்.

ஒரே கேபிளா, சிறு அடாப்டரும் தனிக் கேபிளுமா? டிவி அருகிலேயே வைத்துப் பயன்படுத்தினால் ஒரே கேபிள் நல்லது, இணைப்புகள் குறைவு. லேப்டாப்போடு எடுத்துச் செல்பவர்களுக்கு அடாப்டர் வசதி. அதிலும் குட்டி வால் போல வயர் உள்ளதை எடுங்கள். வால் இல்லாத கட்டை அடாப்டரில் தடித்த எச்டிஎம்ஐ கேபிள் தொங்கினால், அந்த எடை முழுவதும் நெம்புகோல் போல டைப்-சி துளையை நெம்பி நாளடைவில் லூஸாக்கிவிடும்.

மற்றவை

சாதாரண யுஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ: டிரைவர் நிறுவ வேண்டும், பிராசசருக்குப் பளு கூடும், காப்பிரைட் பூட்டுள்ள படங்கள் பலவற்றில் கறுப்புத் திரைதான். கணக்கு வழக்கு, ஸ்லைடு காட்ட மட்டும் சரி. டிவியின் யுஎஸ்பி துளை பென் டிரைவுக்கானது. இரு முனையும் யுஎஸ்பியாக உள்ள கேபிளால் லேப்டாப்பை அதில் மாட்டவே மாட்டாதீர்கள். இருபுறமும் 5 வோல்ட் மோதி போர்ட் கெடலாம்.

விஜிஏ 1987-ல் வந்த அனலாக் முறை. 15 முள், ஒலி கிடையாது. பழைய லேப்டாப்பில் அது மட்டுமே என்றால், யுஎஸ்பி மின்சாரமும் ஆடியோ பின்னும் சேர்ந்த கன்வெர்ட்டர் வேண்டும். சிப் இல்லாத வெறும் விஜிஏ-எச்டிஎம்ஐ வயர் வேலை செய்யாது. டிஸ்ப்ளேபோர்ட் துளை டிவிகளில் அரிது, லேப்டாப் பக்கம் இருந்தால் கன்வெர்ட்டர் கேபிள் போதும்.

சொருகிய பிறகு

பல டிவிகளில் முழு வேகம் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். ‘என்ஹான்ஸ்டு’, ‘டீப் கலர்’, ‘சிக்னல் பிளஸ்’ என்று பிராண்டுக்கு ஒரு பெயர். கேபிள் சொருகிய அதே போர்ட்டுக்கு அதை இயக்குங்கள். அந்த இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் பல மாடல்களில் எழுத்து கூர்மையாகும். சோதிக்க, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து தட்டுங்கள். ஓரம் பிசிறினால் நிறத் தகவல் குறைந்தே வருகிறது. திரை ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவு செட்டிங்கில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலி வரவில்லையென்றால் டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தில் டிவியைத் தேர்ந்தெடுங்கள்.

படம் விட்டுவிட்டு வந்தால் கேபிளைத் தூக்கிப்போடும் முன் இதைச் செய்யுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே சென்று ரெசல்யூஷனை 1920 x 1080 ஆகவும், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஆகவும் வையுங்கள். விட்டுவிட்டு வருவது நின்றால் கேபிளுக்கோ கன்வெர்ட்டருக்கோ 4கே-யின் வேகம் தாங்கவில்லை, குட்டையானதோ தரம் கூடியதோ வாங்கலாம். அப்போதும் நிற்காமல், முனையை லேசாக அசைத்தால் படம் போய்ப் போய் வந்தால், கோளாறு லூஸான முனையிலோ போர்ட்டிலோதான். வேறொரு கேபிளையும் டிவியின் அடுத்த போர்ட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.