அப்பாவின் ஸ்வர்ணலதா கேசட்டை மீட்டுக் கொடுத்த கடை

அப்பா 1995-இல் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 90 நிமிட கேசட் அது. இரண்டு பக்கமும் ஸ்வர்ணலதா மட்டும்தான். அட்டையில் அப்பாவின் கையெழுத்து, 'போறாளே பொன்னுத்தாயி'க்குக் கீழே மட்டும் பச்சை மையில் ஒரு கோடு. வீட்டில் டேப் ரெக்கார்டர் போய்ப் பல வருடம் ஆகிறது. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் சின்னக் கடை ஒன்று இருப்பதாகச் சித்தப்பா சொன்னார், போனேன்.

வாங்கியதும் டெக்கில் போட்டுவிடவில்லை அந்த அண்ணன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பில் உள்ள பாட்டைப் படிக்கிற ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தது. "இப்படியே போட்டா சத்தம் மங்கிப்போயிரும் தம்பி" என்று சொல்லி, ரீலை எடுத்து நல்ல நிலையில் இருந்த வேறொரு கேசட் கூட்டுக்குள் மாட்டினார். அப்புறம் ஹெட்டைத் துடைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டுக்கொண்டே அதன் பக்கத்திலிருந்த குட்டி ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். பதிந்த மெஷினும் ஓட்டுகிற மெஷினும் ஹெட் சாய்வில் ஒத்துப்போகாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரிதான் கேட்குமாம். திருகத் திருக அந்தப் போர்வை விலகியதை நானே நின்று கேட்டேன்.

குறை ஒன்றும் உண்டு. முதலில் தந்த பதிவில் டேப்பின் இரைச்சலைச் சுத்தமாக வழித்திருந்தார்கள், அதோடு பாட்டில் இருந்த மூச்சும் போய்விட்டது. 'போறாளே பொன்னுத்தாயி' சோகப் பாட்டில் வரிக்கு வரி ஸ்வர்ணலதா மூச்சு வாங்குவது கேட்காவிட்டால் எனக்கு அது பாட்டே இல்லை. அதைப் பாடித்தான் 1994-க்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது, அழாமல் பாடி நம்மை அழவைக்கிற குரல். திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னதும் அண்ணன் முகம் சுளிக்கவில்லை, இரைச்சலைத் தொடாமல் முழுக்க மறுபடி ஏற்றித் தந்தார், கூடுதல் காசும் கேட்கவில்லை. 90 நிமிட கேசட் என்றால் 90 நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது தினமும் ராத்திரி கேட்கிறேன். 'ராக்கம்மா கையத் தட்டு'வில் அத்தனை ஆட்டத்துக்கும் நடுவே எல்லாம் அடங்கி, அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரத்தை அவர் எடுக்கிற இடம் வந்தால் அப்பா டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவார். 1987-இல் எம்.எஸ்.வி. இசையில் யேசுதாஸோடு பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' பாடி வந்தவர், 2010 செப்டம்பரில் 37 வயதில் போய்விட்டார். 'மாலையில் யாரோ' கேட்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை பாட்டு பாடியிருக்க வேண்டியவர் என்று நெஞ்சு அடைக்கிறது.

சரி, விவரம்: கேசட்டுக்கு 150 ரூபாய், மூன்று நாளில் கிடைக்கும். பென் டிரைவ் நீங்களே கொண்டுபோங்கள், கொடுக்கும்போதே இரைச்சலைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எம்பி3 மட்டும் வாங்காமல், சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கிற வேவ் ஃபைலும் கேட்டு வாங்குங்கள். அட்டையை மட்டும் கடையில் விடாதீர்கள், நான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.