பேத்திக்குத் தைத்த துணிகள்: இரண்டு ஆண்டு உழைத்தவையும் உழைக்காதவையும்

பேத்திக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்னும் பின்னுமாக நான் தைத்தவற்றைப் போன வாரம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் பரப்பினேன். சில, துவைத்துத் துவைத்து வலை போல ஆகிவிட்டன. சில, இஸ்திரி மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கின்றன. எது ஏன் உழைத்தது, எது ஏன் பெட்டியிலேயே கிடந்தது என்று யோசித்ததை எழுதி வைத்தால், வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

2023 ஆகஸ்டில் வளைகாப்பு முடித்து மகளை வேளச்சேரிக்கு அழைத்து வந்தோம். நவம்பர் நடுவில் பிரசவம் என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். எனக்குக் கல்யாணச் சீராக வந்த உஷா தையல் மெஷின் படுக்கையறை மூலையில் இருந்தது. காலால் மிதிக்கிற பழைய வகை. தளர்ந்த தோல் பெல்ட்டைக் கொஞ்சம் வெட்டிக் கம்பி மாட்டினேன். எண்ணெய் விட்டு, வேண்டாத துணி ஒன்றில் அரை மணி நேரம் வெறுமனே ஓட்டினேன். முதலில் கறுப்புக் கறை விழுந்தது, பிறகு மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் குழந்தையின் துணியை ஊசிக்கடியில் வைத்தேன்.

சம்பந்தி அம்மா தொலைபேசியில் பேசும்போது, "பிறப்பதற்கு முன் புதுத் துணி எதுவும் எடுத்துவிடாதீர்கள், சம்பந்தி" என்றார். பழைய வேட்டியில்தான் தைக்கப்போகிறேன் என்றேன். "யார் கட்டிய வேட்டி?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டியது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி. இந்த வழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன். புதுத் துணியில் கஞ்சியும் மொடமொடப்பும் இருக்கும். பல வருடம் கட்டித் துவைத்த வேட்டியில் அது எதுவும் மிஞ்சியிருக்காது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், தண்ணீரை உடனே உறிஞ்சும், வெயிலில் நொடியில் காயும். பச்சை உடம்புக்கு இதைவிட இதமான துணி கடையில் எனக்குக் கிடைக்கவில்லை.

நாலு முழ வேட்டி ஒன்றை விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். கையும் உடம்பும் ஒரே துண்டாக வரும்படி வெட்டினால், நாடா வைத்துக் கட்டும் குழந்தைச் சட்டையான ஜப்லா ஒன்றுக்கு 24 அங்குலத்துக்கு 18 அங்குலம் போதும். கணக்குப்படி ஒரு வேட்டியில் 8 ஜப்லா வர வேண்டும். ஆனால் வேட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. உட்காரும் இடமும் இடுப்பில் செருகும் இடமும் முதலில் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மெலிந்த இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டுத் தள்ளினேன். வேட்டிக்கு 6 தேறியது. மூன்று வேட்டியில் 18 ஜப்லா. தள்ளிய துண்டுகள் வாய் துடைக்கும் துணிகளாயின. இன்றுவரை அதிகம் உழைத்தவை அவைதாம்.

ஜப்லாவில் நான் செய்த முதல் பிழை முடிச்சு. என் அம்மா எங்களுக்குத் தைத்த மாதிரியே முதல் 6 ஜப்லாவுக்கும் முதுகில் நாடா வைத்தேன். பிறந்த நாலாம் நாள், எண்ணெய் தடவுவதற்காகக் குழந்தையைக் கவிழ்த்து மடியில் போட்டபோது பார்த்தேன். முதுகெலும்பின் மேல், கழுத்துக்குக் கீழே, மிளகளவு சிவப்புத் தடம். நாள் முழுவதும் மல்லாந்து படுத்திருக்கும் உயிருக்கு முதுகில் முடிச்சுப் போட்டிருக்கிறேன்! அன்று மத்தியானமே ஆறையும் பிரித்து, பின்பக்கத்தை முன்பக்கமாக்கி, நாடாவைப் பக்கவாட்டில் மாற்றினேன். நாடாவின் நீளத்தையும் ஒரு முடிச்சுப் போடும் அளவுக்கு மட்டும் குறைத்தேன். கழுத்தருகே நாடாவே வேண்டாம். பட்டனும் வேண்டாம், பிய்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

தலை வழியாக மாட்டும் சட்டை இரண்டு தைத்தேன். இரண்டும் வீண். பிறந்த குழந்தைக்கு மார்புச் சுற்றளவைவிடத் தலைச் சுற்றளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட இருக்கும். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதை மாட்டுவதற்குள் மகள் கண் கலங்கிவிட்டாள். முதல் மூன்று மாதத்துக்கு முழுக்க முன்பக்கம் திறக்கும் உடுப்பு மட்டும் போதும். விரித்துப் போட்டு, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, கையை நுழைத்து, முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதைத் தைக்கிறவர்கள் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்க, மிச்சத் துணியில் நாலு ஜோடிக் கையுறை தைத்திருந்தேன். உள்பக்கத்து ஓரத்தை மடிக்காமல் பிசிறோடு விட்டுவிட்டேன். ஏழாவது வாரத்தில் ஓர் இரவு, பால் கொடுத்தும் தோளில் போட்டும் அழுகை அடங்கவே இல்லை. மகள் தற்செயலாகக் கையுறையைக் கழற்றினாள். பிரிந்து வந்த ஒரு நூல் சுண்டுவிரலின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. நுனி நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. சின்னக் கத்தரியால் நூலை வெட்டி எடுத்தேன். சில நிமிடத்தில் நிறம் திரும்பியது, மறுநாள் மருத்துவரிடமும் காட்டினோம். நூலோ, தாயின் தலைமுடியோ இப்படி விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடுவது உண்டு, காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள் என்றார். கையுறைகளை அன்றே தூக்கிப் போட்டேன். நகத்தை வெட்டிவிட்டால் கையுறைக்கு வேலையே இல்லை.

அதிலிருந்து எல்லாத் தையலையும் பிரெஞ்சுத் தையலாக மாற்றிவிட்டேன். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறை ஒட்ட வெட்டி, துணியைத் திருப்பி, அதே ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடங்கிவிடும். நேரம் இரட்டிப்பாகும். என் பொறுமைக்கு இது சோதனைதான், ஆனாலும் குழந்தைத் துணிக்கு வேறு தையலை இனி நினைத்துப் பார்க்க மாட்டேன்.

குழந்தையின் இடுப்பில் கட்டும் முக்கோணத் துணிகளைப் பற்றி எழுதாமல் முடியாது. பிரசவத்துக்கு முன் 12 வைத்திருந்தேன், அது தாராளம் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே பற்றாக்குறை. பகலில் துணி, இரவில் கடையில் வாங்கிய டயப்பர் என்று சமாளித்தோம். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது குழந்தைக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் மூன்று நாள் இல்லை. நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்ததால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கடைக்கு இறங்க வழியில்லை. திங்கட்கிழமை இரவோடு டயப்பர் தீர்ந்தது. வாஷிங் மெஷின் ஓடாது, இஸ்திரிப் பெட்டி சூடாகாது, கொடியில் போட்டது எதுவும் காயாது.

மிதித்து ஓட்டும் என் தையல் மெஷின் அப்போதுதான் தன் அருமையைக் காட்டியது. என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வேட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்று அவர் கோயிலுக்குக் கட்டுவது. கரையைப் பிரித்து எடுத்துவிட்டு, கத்தரி கூட வைக்காமல், நூல் பிடித்து நேராகக் கிழித்தேன். டார்ச்சை நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஓரம் அடித்தேன். வெளியே மழையும் உள்ளே மிதிகட்டைச் சத்தமும். குழந்தை அந்தச் சத்தத்தில் தூங்கியது. மறுநாள் விடிவதற்குள் 20 துணி. துவைத்தவற்றைச் சமையலறையில் அடுப்புக்கு எட்டாத உயரத்தில் கொடி கட்டிக் காய வைத்தோம். ஒற்றை மடிப்பு வேட்டித் துணி நாலு மணி நேரத்தில் காய்ந்தது. இரட்டையாகத் தைத்த பழைய 12 துணிகளும் ஒரு நாள் முழுக்க ஈரமாகவே கிடந்தன. குழந்தைக்குத் தைக்கும்போது தடிமன் பற்றி யோசிக்கிறவர்கள் சென்னையில் கார்த்திகை மாதத்தை மனதில் வைத்து யோசிக்க வேண்டும். மழைக்காலப் பிரசவம் என்றால் ஒற்றைத் துணியாக 40 வைத்துக்கொள்ளுங்கள். மடித்துக் கட்டினால் தடிமன் தானாக வந்துவிடும்.

போர்வை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வகை தைத்தேன்.

முதலாவது, கடையில் விற்கும் செயற்கைப் பஞ்சுத் தகடு உள்ளே வைத்த மெத்துப் போர்வை. ஓரம் முழுக்கக் கிராஸ் பட்டி வைத்து, மூலையில் யானை பூத்தையல் போட்டு, மூன்று வாரம் செலவழித்தது. அதற்குத் துணி பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போய் எடுத்தேன். சுத்தப் பருத்தி என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து நூல் ஒன்றை உருவித் தீயில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றது. கையிருப்பில் வேறு துணி இல்லாததால் தைத்துவிட்டேன். இனி யார் துணி எடுக்கப் போனாலும் முதலில் கால் மீட்டர் வாங்கி, நூலை எரித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். அந்தப் போர்வையில் படுக்க வைத்தால் பத்தே நிமிடத்தில் குழந்தையின் பிடரி நனைந்துவிடும். தையல் வரிகளுக்கு இடையே 8 அங்குலம் விட்டிருந்ததால் மூன்றாவது சலவையில் பஞ்சு ஒரு பக்கமாக உருண்டது. யானை இன்னும் அழகாக இருக்கிறது. போர்வை பெட்டியில் இருக்கிறது.

இரண்டாவது, மூன்று பழைய பருத்திச் சேலைகளை அடுக்கிக் கையால் ஓட்டுத்தையல் போட்டது. வங்காளத்தில் காந்தா என்று செய்கிறார்களே, அந்த முறை. வரிக்கும் வரிக்கும் இடையே ஒரு விரற்கடை. இதைப் போர்த்துவதற்காகத் தைத்தேன். ஆனால் ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூச்சை அடைத்துவிடும் என்ற பயம். சம்பந்தி அம்மா ஆசையாகத் தைத்து அனுப்பிய கடுகுத் தலையணையும் இதனாலேயே அலமாரியில் தங்கியது. அவரிடம் மகளே பக்குவமாக எடுத்துச் சொன்னாள். சேலைப் போர்வையைக் கூடத்துத் தரையில் விரித்தோம். அதில்தான் குப்புற விழுந்தாள், அதில்தான் தவழ்ந்தாள். பால் கக்கியது, கேழ்வரகுக் கூழ் கொட்டியது, எல்லாவற்றையும் தாங்கியது. நடுச்சேலை என் அம்மா எனக்கு எடுத்துக் கொடுத்த சுங்குடி. மேல் துணி தேய்ந்த இடங்களில் இப்போது அதன் அரக்கு நிறமும் புள்ளிகளும் தெரிகின்றன. நான் தைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்றாவது, மல்மல் துணி இரண்டை முதுகோடு முதுகாக வைத்துத் தைத்த 40 அங்குலச் சதுரம். இது புதுத் துணி என்பதால் பிறந்த பிறகுதான் வாங்கினேன். இரவெல்லாம் ஊற வைத்து, மூன்று முறை அலசி, காய வைத்த பிறகே வெட்டினேன். மெல்லிய துணிக்கு 11-ம் நம்பர் ஊசி போட வேண்டும். 14 போட்டால் இழையை இழுத்து ஓட்டை விழும். ஒரே நாளில் தைத்து முடித்த இதைத்தான் எல்லாவற்றுக்கும் எடுத்தோம். குழந்தையைச் சுற்றி வைக்க (கால் மடக்கி நீட்ட இடம் விட்டு, அதுவும் புரள ஆரம்பிக்கும் வரைதான்), ஆட்டோவில் பால் கொடுக்கும்போது மகள் தோளில் போட்டுக்கொள்ள, குளித்ததும் ஒற்றி எடுக்க. துவைக்கத் துவைக்க மிருதுவாகிறது. இன்னும் ஒன்று தைத்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

தூளிக்குத் தனியாகத் தைக்க ஒன்றுமில்லை. ஒரு முழுப் பருத்திச் சேலையும் பக்கத்தில் விழித்திருக்க ஓர் ஆளும் வேண்டும்.

அடுத்த மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் அவளுக்கு ஆறாம் மாதம். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு. அப்போது வாயில் என்கிற மெல்லிய துணியில் கையில்லாத சட்டைகள் தைத்தேன். பனியன் துணியில் மூன்று தைத்துப் பார்த்ததில் எனக்குத் தோல்வி. என் மெஷின் நேர்த்தையல் மட்டும் போடும். துணி நீளும், நூல் நீளாது. கழுத்தை விரித்ததும் படபடவென்று அறுந்தது. பனியன் உடுப்பு வேண்டுமென்றால் கடையில் வாங்கிவிடுவதே நல்லது.

வாயில் சட்டைகளில் எங்கள் பாட்டி காலத்து வழியைப் பின்பற்றினேன். தோளில் அரை அங்குலம், அடிப்பக்கத்தில் இரண்டு வரிசை டக் (பிறகு பிரித்துவிடக்கூடிய மடிப்புத் தையல்) பிடித்து வைத்தேன். பிறந்தபோது 2.9 கிலோ இருந்தவள் ஓராண்டில் 9 கிலோவைத் தொட்டாள். கடையில் வாங்கிய உடுப்புகள் இரண்டிரண்டு மாதத்தில் சிறியதாகின. டக் வைத்த சட்டைகளில் வரிசை வரிசையாகப் பிரித்துவிட்டே ஒன்றரை வயது வரை ஓட்டினோம். பிரித்த இடத்தில் மங்காத கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தால் அவள் எந்த மாதம் எவ்வளவு வளர்ந்தாள் என்று என்னால் சொல்ல முடியும்.

மருமகளுக்கு இப்போது ஏழாம் மாதம். பழைய ஜப்லாக்களில் 5 தேறின, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்திருக்கிறேன். இந்த முறை 12 ஜப்லா, எல்லாம் முன்பக்கம் திறப்பது. 40 முக்கோணத் துணி. இரண்டு மல்மல் சதுரத்துக்குத் துணியைக் குழந்தை பிறந்த பிறகு எடுப்பேன். வீட்டுக்காரர் நேற்று நாலு வேட்டியைக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தார். அதில் ஒன்று இன்னும் போதுமான அளவு நையவில்லை. இன்னும் ஒரு மாதம் கட்டிவிட்டுத் தாருங்கள் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.