“பேலன்ஸ் பண்ணியாச்சு” என்று சொல்லி ஆர்சி விமானம் விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்றுக் காலை என் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானம், பறந்தது ஆறு வினாடிகூட இருக்காது. அதற்கு நான் கொடுத்தது அரை மாதச் சம்பளம்.

பழைய பொருட்களை விற்கும் ஒரு இணையதளத்தில் வாங்கினேன். பால்சா கட்டையில் செய்தது, உயர இறக்கை, புது ஃபிலிம் ஒட்டிப் பளபளவென்று இருந்தது. “சிஜி எல்லாம் பார்த்தாச்சு சார், பேட்டரி போட்டுப் பறக்கவிட வேண்டியதுதான்” என்றார் விற்றவர். சிஜி என்றால் எடைமையம், விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடம். ஒரு வீடியோவும் அனுப்பினார். இறக்கைக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி. அதில் இரண்டு விரலை வைத்துத் தூக்குகிறார், விமானம் தராசு போல அசையாமல் நிற்கிறது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் பணத்தை அனுப்பினேன். பெட்டி வந்ததும் நானும் அதே புள்ளிகளில் விரலை வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது. முழுசாக நம்பிவிட்டேன்.

கையை விட்டதும் மூக்கு மேலே போனது. ரிமோட்டில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளியும் இறங்கவில்லை. வேகம் செத்து, இடது இறக்கை சரிந்து, தலைகுப்புறத் தரையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து உடைந்த இறக்கையில் ஸ்கேலை வைத்தபோதுதான் புரிந்தது. இறக்கையின் அகலம், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 200 மி.மீ. இந்த மாதிரி நேரான இறக்கைக்கு எடைமையம் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள், அதாவது 50 முதல் 66 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அவர் வைத்த புள்ளி 80 மி.மீ.யில் இருக்கிறது! எடைமையம் அவ்வளவு பின்னால் இருந்தால் வால் கனம் என்று அர்த்தம், மூக்கு மேலே போனது அதனால்தான். விமானம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அவர் புள்ளி வைக்கவில்லை. அது எங்கே நின்றதோ அங்கே வைத்திருக்கிறார். வால் ஃபிலிமைக் கிழித்தால் உள்ளே பழைய உடைசலுக்குக் கட்டி கட்டியாக எபாக்ஸி பசை. வால் கனத்தது அதனால்தான். அதை மறைக்கத்தான் புது ஃபிலிம்.

கேட்டேன். முதலில் “காத்து அடிச்சிருக்கும் சார்.” அப்புறம் “உங்களுக்கு ஓட்டத் தெரியலை.” ஸ்கேல் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. மாலையில் என்னை பிளாக் செய்துவிட்டார். தளத்தின் உதவிப் பிரிவோ “பயன்படுத்திய பொருளுக்குப் பணம் திரும்பாது” என்று ஒரே வரியை மூன்று முறை ஒட்டியது. அரை மாதச் சம்பளம், ஒரே வரியில் முடிந்தது.

இன்று அதே ஆள் இன்னொரு விமானத்தை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தில் அதே இரண்டு கறுப்புப் புள்ளி. அதனால்தான் உடனே எழுதுகிறேன். பேலன்ஸ் பார்க்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அடுத்தவர் வைத்த புள்ளியை நம்பாதீர்கள், நீங்களே அளந்து புள்ளி வையுங்கள். பறக்கும்போது இருக்கும் அதே பேட்டரியை உள்ளே வைத்து, அந்தப் புள்ளியில் விரலால் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் விமானம் என்றால் டேங்க் காலியாக இருக்கட்டும். வால் கனமாக இருந்தால் முதலில் பேட்டரியை முன்னே தள்ளுங்கள், போதாவிட்டால் மூக்கில் ஈயம் வையுங்கள். வாங்கும் முன் இறக்கையில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.